அதிவேக இணைப்பில் குணமானவர்கள்

செல்வாம்பாளின் சிறுநீரகங்கள் ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்குக் குணமாயின. பத்து பதினான்கு வரை அவை வேலை செய்யவில்லை. பத்து பதினாறிலும் அவை வேலை செய்யவில்லை. ஆனால் பத்தே காலுக்குப் பொது உடல்நல அளவீட்டு நிலையத்தின் கணினி அச்சடித்துக் கொடுத்த தாளில் கிரியாட்டினின் 0.3 என்று இருந்தது. அந்த எண் பந்தயத்துக்குப் போகிற இளைஞர்களுக்குக்கூட அவ்வளவு லேசில் வராது.

கிரியாட்டினின் என்பது இரத்தத்தில் சேரும் ஒரு கழிவு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அது ஒன்றை ஒட்டி இருக்கும். சிறுநீரகம் படுத்துவிட்டால் ஏறிக்கொண்டே போகும். நிலையத்தின் தாளில் அது ஆறுக்கு மேல் இருந்தால் இலவச டயாலிசிஸ் அட்டை கிடைக்கும். ஆறுக்குக் கீழே வந்தால் அட்டை ரத்தாகும். அட்டைக்கு வேறு எந்த ஆய்வகத்தின் தாளும் செல்லாது. செல்வாம்பாளுக்கு ஜூலையில் 9.8 இருந்தது. இடையில் டயாலிசிஸ் இயந்திரம் பழுதாகி ஒரு வாரம் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் அவள் குணமாகிவிட்டாள்.

அவள் கணவர் பலராமன், பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்திரண்டு வருடமாகத் தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் பட்டை மேல் ஓடிவரும் சோப்புகளை எடுத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. தாளைப் பார்த்ததும் முதலில் அவர் கும்பிட்டார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியைப் பார்த்தார். முகம் ஊதியிருந்தது. கால்களில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

"குணமாயிடுச்சாம் செல்வா" என்றார்.

"யாருக்கு?" என்றாள் அவள்.

அட்டையைக் கவுண்டரில் வாங்கிக் குறுக்கே கோடு போட்டுவிட்டார்கள்.

சோதனைக் கூடத்தில் இருந்த ஹேமலதா ஒப்பந்த ஊழியர். பலராமன் தாளை நீட்டியதும் அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு அவரை உள்ளே அழைத்துப் போனாள். இரத்தத்தை அளக்கும் இயந்திரத்தின் முகப்பில் சோப்பு அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதில் பச்சை நிறத்தில் 10.3 என்று எரிந்துகொண்டிருந்தது. இயந்திரத்திலிருந்து ஒரு கம்பி கிளம்பி மேஜைக்கு அடியில் போய்ப் பழைய கணினி ஒன்றின் முதுகில் செருகியிருந்தது. கணினியின் திரையில் 0.3 என்று இருந்தது.

"ஒண்ணு எங்கம்மா?" என்று பலராமன் கேட்டார்.

"வழியில வுழுந்துடுதுண்ணா" என்றாள் ஹேமலதா.

பலராமன் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

அந்த ஒன்று எங்கே விழுந்தது என்பதை அவருக்குச் சொன்னவர் அர்மான். பிரெஞ்சுப் படையில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, முதலியார்பேட்டையில் மாடி வீட்டில் பழைய கணினிகளோடு குடியிருப்பவர். ஊரில் வேறு யாரும் தொடாத இயந்திரம் எதுவானாலும் அவரிடம்தான் போகும். ஹேமலதா வேலை முடிந்ததும் பலராமனை அங்கே அழைத்துப் போனாள். விஷயம் கொஞ்சம் நுட்பமானது. ஆனால் அழகானது. நிதானமாகப் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

அந்தக் கம்பி வழியாக எழுத்துகள் ஒவ்வொன்றாக, வரிசையாகப் போகின்றன. அதனால்தான் அதற்குச் சீரியல் இணைப்பு என்று பெயர். கணினியின் வாசலில் ஒரு சிப் உட்கார்ந்து அவற்றை வாங்கிக்கொள்கிறது. அந்தப் பழைய சிப்பில் ஒரே ஓர் எழுத்து உட்காரத்தான் இடம் உண்டு. எழுத்து வந்ததும் சிப் மணி அடிக்கும். கணினியின் மூளை செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போகும். எடுப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிட்டால், அது முதல் எழுத்தின் மடியிலேயே உட்கார்ந்துவிடும். முதல் எழுத்து அவ்வளவுதான்.

முன்பு நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் எழுத்து வந்துகொண்டிருந்தது. மூளைக்கு அது சாவகாசமான வேகம். மூன்று வருடத்துக்கு முன் நிலையம் நவீனமாக்கப்பட்டபோது வேகத்தை நான்கு மடங்காக்கினார்கள். அதே சமயம், நோயாளியின் பெயர் வந்து சேர்ந்ததும் நிலைய இயக்குநரின் படமும் வாழ்த்தும் திரையில் தோன்றும்படி ஒரு ஏற்பாடு செய்தார்கள். படத்தை வரையத் தொடங்கும்போது மூளை அரை மில்லி நொடி காதைப் பொத்திக்கொள்கிறது. பழைய வேகத்தில் அந்த நேரத்துக்குள் ஓர் எழுத்துக்கு மேல் வராது. புதிய வேகத்தில் இரண்டு வந்துவிடும். இரண்டில் முந்தியது காலி. பெயருக்கு அடுத்து வருவது கிரியாட்டினினின் முதல் இலக்கம்.

"ஒரு நிமிஷம்" என்று பலராமன் நிறுத்தினார். "பட்டை வேகமா ஓடுது. கை ஒண்ணுதான். எவனோ கூப்புடுறான்னு திரும்பிப் பாத்தா, ஒரு சோப்பு கீழ வுழுது. அதான?"

"வுவாலா, அதேதான்" என்றார் அர்மான். "இருபது வருஷம் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன் தம்பி. ஒருத்தனும் இவ்ளோ சட்டுனு புடிக்கல."

இதில் இன்னொரு அழகும் இருந்தது. இயந்திரம் எப்போதும் நான்கு இடத்தில் எண்ணை அனுப்பும். 9.8 என்றால் முன்னால் ஒரு வெற்றிடம் சேர்த்து அனுப்பும். விழுவது அந்த வெற்றிடம்; யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்று, இரண்டு என்று இருக்கிற ஆரோக்கியமானவர்களுக்கும் தாள் மிகச் சரியாக வரும். பத்தைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தான் முன்னால் நிற்கும் ஒன்று விழும். அதாவது, உயிருக்கு ஆபத்து வராதவரை அந்தக் கணினி பொய்யே சொல்லாது.

பரிகாரம் மூன்று இருந்தது. வேகத்தைக் குறைக்கலாம். படத்தை எடுத்துவிடலாம். அல்லது சிப்பை மாற்றலாம். பதினாறு எழுத்து வரிசையாக உட்காரும்படி பின்னாளில் வந்த சிப் ஒன்று உண்டு. அதே உருவம், அதே நாற்பது கால்கள், அதே குழிகளில் அப்படியே பொருந்தும். மூளை எவ்வளவு நேரம் காதைப் பொத்தினாலும் எழுத்துகள் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். அர்மான் ஒரு டப்பாவைத் திறந்து அப்படி ஒன்றை எடுத்துப் பலராமன் உள்ளங்கையில் வைத்தார். ஐந்து நிமிட வேலை என்றார். காசு வேண்டாம் என்றார்.

மறுநாள் பலராமன் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு துணை இயக்குநர் புருஷோத்தமனைப் பார்க்கப் போனார். மனுவை ஹேமலதா எழுதிக் கொடுத்திருந்தாள். கையெழுத்து தன்னுடையது என்று தெரியாமல் இருக்க இடது கையால் எழுதியிருந்தாள்.

நிலையம் கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவரும் உயரமான கதவுகளும் உள்ள ஒரு கட்டடத்தில் இருந்தது. வாசலில் கருங்கல்லில் 'நொடிக்கு 38,400 பிட் அதிவேக இணைப்பு' என்று பொறித்து, அதன் கீழே திறந்து வைத்தவர்களின் பெயர்கள் இருந்தன. புருஷோத்தமன் மனுவை இரண்டு முறை படித்தார். கெட்டவர் இல்லை. பலராமனை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"வேகத்தக் கொறைக்கச் சொல்றீங்க" என்றார். "எனக்கும் ஆசதான். ஆனா கல்லுல பொறிச்சாச்சு. நாளைக்கு எவனாவது வந்து கல்லுல ஒண்ணு இருக்குது, உள்ள ஒண்ணு இருக்குதுன்னு கேட்டா? நிலையத்தோட நேர்மை என்னாவறது?"

பலராமன் இரண்டாவது பரிகாரத்தைச் சொன்னார்.

"படம் இயக்குநர் போட்டது இல்ல. நாங்களா ஆசப்பட்டு வெச்சது. இப்ப எடுக்கணும்னா யாராவது அவர்கிட்ட போய்ச் சொல்லணும், ஐயா உங்க மூஞ்சி வந்தா ஜனங்க நம்பர் காணாமப் போவுதுன்னு. நீங்க சொல்றீங்களா?"

மூன்றாவது பரிகாரத்துக்கு அவர் எழுந்தே நின்றுவிட்டார். அந்தக் கணினி பிரான்சில் ஒரு சிறு நகரத்தின் நட்புச் சங்கம் முப்பது வருடத்துக்கு முன் அன்பளிப்பாகக் கொடுத்தது. விசைப்பலகையில் எழுத்துகள்கூட பிரெஞ்சு வரிசையில்தான் இருக்கும். ஊரில் ஒரு கதவுக்குச் சாயம் அடிப்பதற்கே எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பலராமனுக்குத் தெரியுமா? இரண்டு நாட்டு நட்பை ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடியாது.

பலராமன் ஜன்னலில் தெரிந்த 10.3 பற்றிச் சொன்னார். தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

"அது மெஷின் மனசுல நெனைக்கிறது" என்றார் புருஷோத்தமன். "கம்ப்யூட்டருக்கு வந்து சேந்தாத்தான் அது சொன்னதா அர்த்தம். மனசுல நெனைக்கிறதுக்கெல்லாம் சர்க்காரு அட்ட குடுக்க முடியுமா? நீங்களே யோசிங்க. உங்க வீட்டம்மா பேரு முழுசா வந்திருக்குது. வயசு சரி. தேதி சரி. ரத்த வகை சரி. அறுபத்திரண்டு எழுத்துல அறுபத்தொண்ணு வந்திருக்குது. பள்ளிக்கூடத்துல இது எத்தன மார்க்குங்க?"

பலராமன் எட்டாவது வரை படித்தவர். தொண்ணூற்றெட்டு இருக்கும் என்று தோன்றியது. டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

செப்டம்பரில் குணமடைந்தோர் பாராட்டு விழா நடந்தது. அந்த வருடம் அதுவரை நாற்பத்தொரு பேர் குணமாகியிருந்தார்கள். சிறுநீரக நோய் வேறு எந்த ஊரிலும் இப்படிப் பின்வாங்கியதில்லை என்று வெளியூர்களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அழைக்கப்பட்ட நாற்பத்தொரு பேரில் பதினேழு பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கலாம் என்று மேடையில் சொன்னார்கள். இயக்குநர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார். செல்வாம்பாள் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இருந்ததால் இயக்குநரே இறங்கி வந்து போர்த்தினார். அதற்கு மட்டும் தனியாகக் கை தட்டினார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவில் அவள் வாந்தி எடுத்தாள். பொன்னாடைதான் கைக்கு அகப்பட்டது.

பலராமன் வைப்புநிதியில் கடன் எடுத்துத் தனியார் மருத்துவமனையில் இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார். மூன்றாவது முறைக்கு வழியில்லை. இதற்கிடையே அர்மான் அந்த நட்புச் சங்கத்தைத் தேடிக் கடிதம் எழுதினார். சங்கம் கலைந்து பல வருடமாகியிருந்தது. அதன் கடைசிச் செயலாளர், ஈனெஸ் என்ற மூதாட்டி, பதில் போட்டார். அந்தக் கணினி இன்னும் உயிரோடு இருப்பது அறிந்து வியப்பதாகவும், தயவு செய்து அதைத் தூக்கி எறிந்துவிடும்படியும் இரண்டே வரி. அர்மான் அதை மொழிபெயர்த்து, சான்றொப்பம் வாங்கி, புருஷோத்தமனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

புருஷோத்தமன் அதை ஆழ்ந்து படித்தார். தூக்கி எறிய அனுமதி இருக்கிறது, திறக்க அனுமதி இல்லை என்றார். தூக்கி எறிவதானால் முதலில் கணினி கெட்டுப்போயிருக்க வேண்டும். அது ஒரு நாள்கூட நின்றதில்லை.

வீட்டில் பலராமன் காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஹேமலதா வாரா வாரம் ஜன்னலைப் பார்த்துச் சொல்லும் எண்கள் ஒரு பக்கம். கணினி அச்சடிக்கும் எண்கள் ஒரு பக்கம். 11.4 என்றால் 1.4. 12.9 என்றால் 2.9. அட்டை மறுபடி கிடைக்கத் தாளில் ஆறு வேண்டும். தாளில் ஆறு வர உடம்பில் பதினாறு வேண்டும்.

"பதினாறு வரைக்கும் தாங்குவியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அது என்னா, பஸ் ஸ்டாப்பா?" என்றாள் செல்வாம்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எத்தன?" என்று கேட்டாள்.

பதினான்கைத் தாண்டியபோது ஹேமலதாவுக்கு ஒரு யோசனை வந்தது. இரத்தத்தில் பாதி, உப்பு நீர் பாதி கலந்து இயந்திரத்தில் வைத்தாள். 14.2 பாதியாகி 7.1 ஆயிற்று. முன்னால் நின்ற வெற்றிடம் வழக்கம்போல் விழுந்தது. தாளில் 7.1 என்று சுத்தமாக வந்தது. நோயாளி என்று நிரூபிக்க இரத்தத்தை இன்னும் கொஞ்சம் ஆரோக்கியமாக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். புது அட்டை எழுதினார்கள். வியாழக்கிழமைக்கு டயாலிசிஸ் முறை கிடைத்தது.

புதன்கிழமை மாலை புருஷோத்தமன் பலராமனை வரவழைத்தார். கலந்ததை அவர் கண்டுபிடித்திருப்பார் என்று ஹேமலதா பயந்தாள். அவர் கண்டுபிடித்தது வேறு. செல்வாம்பாள் பெயர் பாராட்டுப் பட்டியலில் இருந்தது.

"பாராட்டுனவங்க மறுபடியும் நோயாளி ஆவறதுக்கு விதியே இல்லீங்க" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நாப்பத்தொண்ணுன்னு மேல அறிக்க போயிடுச்சு. இப்ப நாப்பதுன்னு எப்படிங்க எழுதறது? பாராட்ட முதல்ல ரத்து பண்ணணும். அதுக்குப் பொன்னாடையத் திருப்பித் தரணும், கறையில்லாம. அப்பறம் குழு கூடும். குழு முன்னாடி புதுசா ரத்தம் எடுத்துப் பாக்கணும். வெள்ளிக்கிழமைக்குப் போட்டுர்றேன். உங்களுக்காக."

வியாழக்கிழமை முறை வேறு ஒருவருக்குப் போயிற்று. அன்று முழுக்கப் பலராமன் பொன்னாடையைத் துவைத்தார். எலுமிச்சம்பழம் தேய்த்தார், தன் தொழிற்சாலை சோப்பில் மூன்று வகை போட்டுப் பார்த்தார். அவர் துவைக்கிற சத்தம் கேட்டபடி செல்வாம்பாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூச்சு விடுவதே அவளுக்கு ஒரு வேலையாக இருந்தது.

ஹேமலதாவுக்கும் அர்மானுக்கும் வேறு கவலை. குழுவின் கண் முன்னால் உப்பு நீர் கலக்க முடியாது. கலக்காவிட்டால் பதினான்கு நான்காகிவிடும், பதினைந்து ஐந்தாகிவிடும். பாவம், அவர்கள் இருவரும் நல்லவர்கள். நடந்ததற்கு அதுதான் காரணம்.

புதுச்சேரியில் பகல் ஒரு மணிக்கு மேல் பல அலுவலகங்களும் கடைகளும் கதவைச் சாத்திக்கொண்டு மூன்றரைக்குத்தான் திறக்கும். பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் அந்தத் தூக்கம் போகவில்லை. வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு, காவலாளியும் பெஞ்சில் சாய்ந்துவிட்ட நேரத்தில், ஹேமலதா பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். அர்மான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கணினியின் மூடியைக் கழற்றி, பழைய சிப்பின் இரு முனையையும் மெல்ல நெம்பி எடுத்தார். பதினாறு இருக்கை உள்ள சிப்பின் கால்களை விரலால் நேராக்கி, குழிகளில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். சொன்னபடி ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. சோதனைக்குப் பழைய இரத்த மாதிரி ஒன்றை ஓட்டினார்கள். ஜன்னலில் 12.6. திரையில் இயக்குநர் புன்னகைத்தார். அவருக்குக் கீழே 12.6 என்று வந்தது.

ஹேமலதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அர்மான் பழைய சிப்பை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடியே போனார்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. தலைவர் கலைவாணன், ஓய்வு பெற்ற புள்ளியியல் பேராசிரியர். பொன்னாடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஓரத்தில் மஞ்சளாக ஒரு தடம் இருந்தது. ஜரிகைதான் அப்படித் தெரிகிறது என்று குழு பெருந்தன்மையாக முடிவு செய்தது. செல்வாம்பாளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் இரத்தம் எடுத்து, எல்லோர் முன்னிலையிலும் இயந்திரத்தில் வைத்தாள் ஹேமலதா. ஆறு நிமிடம் ஆகும். அதுவரை வடையும் காபியும் வந்தன.

ஜன்னலில் 16.1 எரிந்தது.

பலராமன் அதைப் பார்த்தார். காலண்டரின் பின்பக்கத்தில் அவர் காத்திருந்த எண் அது. பதினாறு என்றால் ஆறு. ஆறு என்றால் அட்டை. கையெடுத்துக் கும்பிட்டார்.

கணினி 16.1 என்று அச்சடித்தது.

தாள் கை மாறி மாறிப் போய்க் கலைவாணனிடம் வந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்று வருடப் பதிவேட்டைத் திறக்கச் சொன்னார்.

"இந்த நிலையத்துல மூணு வருஷத்துல பதினோராயிரத்து நானூறு பேருக்குப் பாத்திருக்காங்க" என்றார். "ஒருத்தருக்குக்கூட பத்த எட்டல. ஒருத்தருக்கும். புள்ளியியல் என்னா சொல்லுதுன்னா, மனுஷ உடம்புல இது பத்துக்கு மேல போவாது. போன வாரம் ஏழு. இப்ப பதினாறு. இது ரத்தத்துல வந்த கோளாறு இல்ல. மெஷின்ல வந்த கோளாறு."

"அய்யா, அதுதான் சரியான நம்பரு" என்றாள் ஹேமலதா. "இப்பதான் மொத மொறையா சரியா வந்திருக்குது. சிப்ப மாத்துனோம்."

யார் மாற்றியது, எப்போது மாற்றியது என்று கேட்டார்கள். அவள் சொன்னாள்.

"பாத்தீங்களா" என்று புருஷோத்தமன் குழுவைப் பார்த்துச் சொன்னார். கோபப்படவில்லை, ஒரு பெரிய மர்மம் விலகிய நிம்மதிதான் தெரிந்தது. "மூணு வருஷமா ஒரு தப்பும் வராத எடத்துல, கைய வெச்ச மறுநாளே பதினாறு."

பலராமன் எழுந்தார். இதற்கு முன் அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை.

"ஆறுக்கு மேல இருந்தா அட்டன்னு சொன்னீங்க. பதினாறு ஆறுக்கு மேலதானுங்களே."

"உண்மையா இருந்தா மேலதான்" என்றார் கலைவாணன் கனிவாக. "நம்ம அம்மாவுக்கு ஒரு பொய்யான நம்பர வெச்சு ஊசி குத்தலாமா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். பழைய சிப்ப மாட்டட்டும். திங்கக்கிழம திரும்பவும் பாத்துடுவோம்."

"பழைய சிப்புல பாத்தா ஆறு புள்ளி ஒண்ணு வரும்ங்க. இப்பவே மாட்டி இப்பவே பாத்துடுங்க" என்றார் பலராமன்.

அன்பளிப்புப் பொருளை மறுபடி திறக்க எழுத்து மூலமான ஆணை வேண்டும். இயக்குநர் ஊரில் இல்லை. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை என்ற முடிவைக் குழு நிறைவேற்றத் தேவையில்லை, தானாகவே நிறைவேறியது. ஹேமலதாவின் ஒப்பந்தத்தை ரத்து செய்வதற்கு மட்டும் அங்கேயே கையெழுத்துப் போட முடிந்தது.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது செல்வாம்பாள், "எத்தன வந்துச்சு?" என்று கேட்டாள்.

"பதினாறு."

"அப்ப கெடச்சிடுச்சா?"

பலராமன் கிடைத்துவிட்டது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போய்விட்டாள். திங்கட்கிழமை இயக்குநர் ஆணையில் கையெழுத்திட்டார். பழைய சிப் மாட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை எடுத்ததில் மீதமிருந்த இரத்தத்தை வைத்துச் சோதித்தார்கள். 6.1 என்று வந்தது. இயந்திரம் சரியாகிவிட்டது என்று குறிப்பு எழுதினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பலராமன் செல்வாம்பாளின் புது அட்டையை நிலையத்தில் ஒப்படைக்கப் போனார். ஒப்படைக்காவிட்டால் ரேஷனில் அவள் பெயரை நீக்க மாட்டோம் என்றிருந்தார்கள். அன்று கூடத்தில் அடுத்த பாராட்டு விழா நடந்துகொண்டிருந்தது. கவுண்டரில் ஆள் இல்லை. எல்லோரும் விழாவில் இருந்தார்கள். பலராமன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மேடையில் புருஷோத்தமன் பேசிக்கொண்டிருந்தார். புள்ளிவிவரங்களைப் பார்க்கச் சொன்னார். இந்த நிலையம் குணமானவர் என்று அறிவித்த எவரும் இதுவரை நோயாளியாகத் திரும்பி வந்ததில்லை என்றார். கூட்டம் கை தட்டியது.

பலராமனுக்குப் பக்கத்தில் புதுப் பொன்னாடையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் கமலக்கண்ணன் என்றும் வில்லியனூர்ப் பக்கம் என்றும் அவராகவே சொன்னார். மடியில் ஒரு சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் கை தட்டி முடித்து, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார்.

"பூஜ்ஜியம் புள்ளி எட்டுங்க" என்றார். "ரெண்டு வருஷமா கெடந்து செத்தேன். கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு."

பலராமன் தாளைப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் கால்களைப் பார்த்தார். செருப்பின் வார் சதையில் புதைந்திருந்தது. குனிந்து, கணுக்காலுக்கு மேலே விரலை வைத்து அழுத்தி, எடுத்தார். குழி நின்றது.

"இன்னும் அஞ்சு புள்ளி ரெண்டு ஏறணும்ங்க" என்றார் அவர் காதோரம். "ஒரு மாசம், ஒண்ணற மாசம் ஆவும். அது வரைக்கும் எப்டியாவது தாங்கிக்குங்க. தண்ணியக் கொறச்சுக்குங்க. பதினாறு வந்ததும் ஓடியாந்துடுங்க, ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க."

கமலக்கண்ணன் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தார்.

"அப்பறம் இன்னொண்ணு" என்றார் பலராமன். "அதுக்குள்ள எந்த நல்லவனையும் அந்த மெஷின ரிப்பேர் பண்ண வுட்டுடாதீங்க."